பள்ளி மேல் பாசம் இருக்கிறது, பாடத்தில் ஏன் இல்லை?

அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: விளையாட்டு விழா, ஆண்டு விழா என்றால் எங்கள் பிள்ளைகள் இருட்டிய பிறகும் நின்று வேலை பார்க்கிறார்கள், பள்ளியின் பெயரைச் சொன்னாலே தொண்டை கிழியக் கத்துகிறார்கள், அதே பிள்ளைகள் திங்கட்கிழமை வகுப்பில் நோட்டைத் திறக்கவே யோசிக்கிறார்கள், பள்ளி மேல் இவ்வளவு பற்று இருந்தும் படிப்பில் அந்த முனைப்பு ஏன் வரவில்லை, இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாதா?

சம்பந்தம் உண்டு. ஆனால் பற்று இருந்தால் படிப்பு தானாக வந்துவிடும் என்று எதிர்பார்த்தால் அது நடக்காது. தன் உழைப்பை யாராவது கணக்கில் எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் பிள்ளைகள் உழைக்கிறார்கள். விளையாட்டு விழாவில் பந்தல் கட்டுகிறவன், கோலப்பொடி கலக்குகிறவள், சுண்ணாம்புக் கோடு போடுகிறவன் எல்லாருடைய உழைப்பும் பள்ளியின் கணக்கில் ஏறுகிறது. வகுப்பில் அப்படி ஏறுவது முதல் ஐந்து, ஆறு பேருடையது மட்டும்தான். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான், எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், "பள்ளி மேல் பற்று" என்று நாம் சொல்வதற்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, பள்ளியின் பெயரில் வரும் பெருமிதம்: நம்ம ஸ்கூல், நம்ம டீம், நம்ம கலர். இன்னொன்று, எனக்கு இங்கே ஓர் இடம் இருக்கிறது, நான் வராவிட்டால் யாராவது கவனிப்பார்கள், என் வாத்தியாருக்கு என்னைத் தெரியும் என்ற உணர்வு. பெருமிதம் சத்தமாக வெளியே தெரியும், இரண்டாவது தெரியவே தெரியாது. படிப்போடு ஒட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். கரோல் குட்னவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1993இல் இதை அளக்க 18 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார், இன்றும் பல நாடுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் என்னை இங்கே மதிக்கிறார்களா, நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்களா என்கிற ரகம்தான். இத்தகைய ஆய்வுகள் 82ஐச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2020இல் வந்தது. அதில் இந்த உணர்வுக்கும் மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு சிறியது. வகுப்பில் ஈடுபடுவது, "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை, கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நோக்கம் ஆகியவற்றோடும் தொடர்பு இருந்தது. அந்த உணர்வு அதிகமுள்ள பிள்ளைகளிடம் வராமல் இருப்பதும் இடையில் நிற்பதும் ஓரளவு குறைவு. அதாவது மதிப்பெண் கடைசியில் வருகிறது, அதற்கு முன்னால் பல படிகள் இருக்கின்றன.

சரி, பெருமிதம் ஏன் பாடத்துக்குள் நுழைய மாட்டேன் என்கிறது? இதற்கு நான் பார்த்த நல்ல விளக்கம் பழையது. 1950களின் கடைசியில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் இல்லினாய் மாநிலத்தில் பத்து உயர்நிலைப் பள்ளிகளை எடுத்து ஆராய்ந்தார். "இந்தப் பள்ளியில் உன்னை எப்படி நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்? நன்றாகப் படிக்கிறவனாகவா, விளையாட்டு வீரனாகவா, எல்லாருக்கும் பிடித்தவனாகவா?" என்று பையன்களைக் கேட்டார். அதிகம் பேர் சொன்னது விளையாட்டு வீரன். இதைப் பார்த்துவிட்டு "இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்" என்று அவர் புலம்பவில்லை. போட்டியின் அமைப்பைப் பார்த்தார். ஒருவன் கோல் அடித்தால் முழுப் பள்ளியும் ஜெயிக்கிறது, அதனால் முழுப் பள்ளியும் அவனைத் தூக்கிக் கொண்டாடுகிறது, "இன்னும் ஓடு" என்கிறது. ஒருத்தி கணக்கில் 98 எடுத்தால் அது அவளுக்கு மட்டும் சொந்தம், பக்கத்தில் 70 எடுத்தவளுக்கு அதனால் நன்மை ஒன்றுமில்லை, வீட்டில் அம்மா "அவளைப் பார்" என்று சொல்வதுதான் மிச்சம். அப்போது வகுப்பு என்ன செய்யும்? அதிகம் உழைக்கிறவரைக் கேலி செய்து கீழே இழுக்கும். நம் பள்ளிகளில் "படிப்ஸ்" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? கபடி டீமில் உயிரைக் கொடுத்து ஆடுகிறவனை யாரும் அப்படிக் கிண்டல் செய்வதில்லை. ஒரே வகுப்பு, ஒரே பிள்ளைகள். உழைப்பின் பலன் யாருக்குப் போகிறது என்பது மட்டும்தான் வேறு.

கோல்மன் சொன்னதை நான் முழுசாக நம்புகிறேன், ஏனென்றால் நீண்ட காலம் அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவன் நான், இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாலிபால் டீமில் இருந்த ஒரு பையன் வகுப்பில் வாயே திறக்க மாட்டான், மைதானத்திலோ மற்றவர்களுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பான், தோற்றால் ஏன் தோற்றோம் என்று உட்கார்ந்து அலசுவான். அவனுக்கு உழைக்கத் தெரியாது என்றோ, புத்தி இல்லை என்றோ யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவன் மூளையும் உடம்பும் வேலை செய்ய ஓர் இடம் கிடைத்தது, அந்த இடம் வகுப்பறையாக இல்லை, அவ்வளவுதான். பி.இ.டி. வாத்தியார் ஒருவர் இதைப் புரிந்துகொண்டு, டீமில் இருக்கும் பிள்ளைகளைப் பயிற்சிக்கு முன் அரை மணி நேரம் ஒன்றாக உட்கார வைத்து, யாருக்கு எந்தப் பாடம் வருமோ அவர் மற்றவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று வைத்தார். டீமில் ஒருவன் ஃபெயில் என்றால் அது டீமின் பிரச்சினை என்றார். அந்தப் பிள்ளைகள் மாநில அளவில் ஒன்றும் சாதிக்கவில்லை, ஆனால் ஒருவர்கூட பத்தாம் வகுப்பில் பாதியில் நிற்கவில்லை.

இனி, சொல்லக் கொஞ்சம் கசப்பான ஒரு விஷயம். தமிழ்நாட்டில் பல பள்ளிகள் தங்கள் பெருமிதத்தை எதில் கட்டியிருக்கின்றன? வாசலில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ் பேனரைப் பாருங்கள்: "நூறு சதவீதத் தேர்ச்சி", அதன் கீழே பாஸ்போர்ட் சைஸ் முகங்கள் சில. மாநில அளவில் முதல் மூன்று இடம் அறிவிக்கும் பழக்கத்தை அரசு 2017இல் நிறுத்திவிட்டது, நல்ல முடிவு. ஆனால் பள்ளி அளவில் அந்தப் பழக்கம் பேனருக்கு மாறிக்கொண்டது. நூறு சதவீதம் என்பது கேட்க எல்லாரையும் சேர்த்துக்கொள்வது போலத்தான் இருக்கிறது. நடைமுறையில் அதை எட்டச் சில இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்: ஒன்பதாம் வகுப்பிலோ பிளஸ் ஒன்னிலோ பின்தங்கும் பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கோங்க, வேற ஸ்கூல்ல சேருங்க, இல்லன்னா பிரைவேட்டா எழுதட்டும்" என்று நயமாகச் சொல்வது. பள்ளியின் பெயரைக் காப்பாற்ற ஒரு பிள்ளையை வெளியே தள்ளுகிறோம். போன பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பது ஒரு பக்கம். தங்கி இருக்கிற பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் இருப்பவன் என்ன கற்றுக்கொள்கிறான்? இந்தப் பள்ளியின் பெருமையில் எனக்குப் பங்கு இல்லை, நான் அதற்கு ஆபத்து, என்று கற்றுக்கொள்கிறான். அப்புறம் அவன் ஏன் நோட்டைத் திறக்க வேண்டும்?

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விலகுவதைப் பற்றி ஜெரமி ஃபின் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1989இல் எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளியை விட்டு நிற்பது ஒரே நாளில் எடுக்கும் முடிவு கிடையாது என்கிறார். சின்ன வயதில் பிள்ளை வகுப்பில் பங்கெடுக்கிறது, கொஞ்சம் வெற்றி கிடைக்கிறது, "இது என் பள்ளி" என்ற ஒட்டுதல் வருகிறது, அந்த ஒட்டுதலால் இன்னும் பங்கெடுக்கிறது. இந்தச் சுற்று பின்பக்கமாகவும் ஓடும்: பங்கெடுக்கவில்லை, அதனால் வெற்றி இல்லை, ஒட்டுதல் குறைகிறது, அடிக்கடி லீவு, பிறகு லாங் ஆப்சென்ட். இதில் நமக்கு உபயோகமான சேதி என்னவென்றால், முதல் படி பங்கெடுப்பு. "பள்ளியை நேசி" என்று காலை வணக்கக் கூட்டத்தில் பேசுவதால் சுற்று தொடங்காது, பிள்ளையின் கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் தொடங்கும். அதனால் உங்கள் வகுப்புப் பட்டியலை எடுத்துவைத்து ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் இந்தப் பள்ளியில் இந்தப் பிள்ளைக்கு என்ன பொறுப்பு இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். லீடர், ஜே.ஆர்.சி. (இளம் செஞ்சிலுவைச் சங்கம்), பசுமைப் படை, ஆண்டு விழா தொகுப்பாளர், பேச்சுப் போட்டி எல்லாவற்றிலும் அதே பத்துப் பெயர் திரும்பத் திரும்ப வரும், மீதி முப்பது பேருக்கு நேராக வெற்றிடம் இருக்கும். விழா நாளில் அந்த முப்பது பேரும் கத்தத்தான் செய்வார்கள், ஏனென்றால் அன்று கத்துவதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் தமிழர்களிடையே பள்ளிப் பற்று அவ்வளவு ஆழமாக வேரோடிய வேறோர் ஊர் எனக்குத் தெரியாது. யாழ் மத்திய கல்லூரியும் பரி யோவான் கல்லூரியும் மோதும் "வடக்கின் பெருஞ்சமர்" கிரிக்கெட் 1904இல் தொடங்கியது (கல்லூரி என்று பெயர் இருந்தாலும் இரண்டும் பள்ளிகள்தான்). இல்ல மெய்வல்லுநர் போட்டி, அதாவது பள்ளிக்குள் ஹவுஸ்களுக்கு இடையே நடக்கும் விளையாட்டுப் போட்டி என்றால் இல்லத்தை அலங்கரிப்பதில் தொடங்கி அணிநடை வரை ஊரே வந்து பார்க்கும். லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் ஐம்பது வயதைத் தாண்டியும் தங்கள் கல்லூரிக்காகக் காசு சேர்த்துக் கட்டடம் எழுப்புகின்றன. எவ்வளவு பெரிய விஷயம் அது, போர்க்காலத்திலும் அந்தப் பள்ளிகள் உயிரோடு இருந்ததில் இந்தப் பாசத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அங்கேயும் பிள்ளைகளின் படிப்பு உழைப்பில் பெரும்பகுதி சாயங்காலம் டியூஷன் கொட்டகைகளுக்குப் போவதை அங்குள்ள ஆசிரியர்களே சொல்லி வருந்துகிறார்கள். பற்று பள்ளியில், உழைப்பு டியூஷனில். இங்கே தமிழ்நாட்டிலும் நகரங்களில் அதே கதைதான். பற்று பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை, அதைப் பாடத்தோடு இணைக்கும் பாலத்தை யாரும் கட்டவில்லை.

அந்தப் பாலத்துக்கு ஒரு நல்ல வாய்ப்பு இப்போது அரசுப் பள்ளிகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2024இல் பள்ளிக் கல்வித் துறை "மகிழ் முற்றம்" என்ற பெயரில் மாணவர் குழுக்களை ஏற்படுத்தியது: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து. தனியார் பள்ளிகளில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று ஹவுஸ் இருந்ததை நாம் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் "நான் நெய்தல்" என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடைத்திருக்கிறது. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி. உங்களுடையது உதவி பெறும் பள்ளி, இந்தத் திட்டம் இல்லாவிட்டாலும் ஹவுஸ் கண்டிப்பாக இருக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஹவுஸுக்குப் புள்ளி எதிலிருந்து வருகிறது? ஓட்டத்தில் முதல் பரிசு, பேச்சில் முதல் பரிசு, தேர்வில் முதல் இடம் என்று முதல் இடங்களுக்கு மட்டும் புள்ளி என்றால் பழைய கதையே புதுப் பெயரில் தொடரும், ஒவ்வொரு ஹவுஸிலும் நான்கு பேர் ஓடுவார்கள், மற்றவர்கள் கை தட்டுவார்கள்.

மாற்றி அமைக்க ஒரு வழி ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸ்லாவின் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 1970களிலிருந்து வகுப்பறைக் குழுப் படிப்பை ஆராய்ந்து ஒரு முறையை உருவாக்கினார்கள். நன்றாகப் படிக்கிறவர், நடுத்தரம், பின்தங்குகிறவர் என்று கலந்து நான்கு அல்லது ஐந்து பேர் ஒரு குழு. ஆசிரியர் பாடம் எடுத்த பிறகு குழுவாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படிக்க வேண்டும். தேர்வு மட்டும் தனித்தனியாக, யாரும் யாருக்கும் உதவக் கூடாது. குழுவுக்குப் புள்ளி வருவது எடுத்த மதிப்பெண்ணை வைத்து இல்லை, ஒவ்வொருவரும் தன் பழைய சராசரியிலிருந்து எவ்வளவு நகர்ந்தார் என்பதை வைத்து. சராசரிக்குப் பத்துக்கு மேல் இறங்கினால் 5 புள்ளி, பத்துக்குள் இறங்கினால் 10, சராசரி அளவோ அதற்கு மேல் பத்து வரையோ எடுத்தால் 20, பத்தைத் தாண்டி ஏறினால் 30. முழு மதிப்பெண் எடுத்தால் பழைய சராசரி எதுவாக இருந்தாலும் 30, ஏனென்றால் 95 எடுக்கிறவளுக்கு ஏற வேறு இடமில்லை.

இதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எப்போதும் 25 எடுக்கிறவன் 38 எடுத்தால் குழுவுக்கு 30 புள்ளி கொண்டுவருகிறான், நூறு எடுத்தவள் கொண்டுவருவதும் அதே 30தான். திடீரென்று குழுவில் மிக முக்கியமான ஆள் அவன். படிக்கிற பிள்ளை அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கக் காரணம் கிடைக்கிறது, அவனுக்குச் சோம்பினால் நாலு பேர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற எண்ணம் வருகிறது. கபடி டீமில் இருந்த அதே விசை பாடத்துக்குள் வந்துவிடுகிறது. "படிப்ஸ்" என்ற கேலியும் குறைகிறது, ஏனென்றால் அவள் படித்தால் இப்போது எல்லாருக்கும் லாபம். குழுவுக்கான பரிசு, ஒவ்வொருவரின் தனி முயற்சியும் எண்ணப்படுவது, இந்த இரண்டும் சேர்ந்து இருந்தபோதுதான் பலன் தெளிவாகக் கிடைத்தது என்பது ஸ்லாவினின் முக்கியமான முடிவு. குழு பிராஜெக்ட் கொடுத்துவிட்டு ஒரே மதிப்பெண்ணை எல்லாருக்கும் போட்டால் ஒருத்தி உட்கார்ந்து சார்ட் ஒட்டுவாள், மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள், அது நாம் தினமும் பார்ப்பது.

வருகையையும் ஹவுஸ் புள்ளியில் சேருங்கள், ஆனால் இங்கே நிதானம் வேண்டும். அப்பா அம்மா வெளியூர் வேலைக்குப் போய்த் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கிற பெண் குழந்தையால் ஹவுஸுக்குப் புள்ளி குறைந்தது என்று மற்ற பிள்ளைகள் அவளைக் குத்திக் காட்டத் தொடங்கினால் நாம் செய்தது பாவம். அவளுக்கும் சென்ற மாதத்தைவிட இந்த மாதம் எப்படி என்ற கணக்கே போதும். ஹவுஸ்களுக்கு இடையே போட்டி முற்றிப் பகையாவதும் நடக்கும். 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பையன்களை ஒரு முகாமில் இரண்டு குழுவாகப் பிரித்துப் போட்டி வைத்தபோது கொடியை எரிக்கும் அளவுக்குப் போனார்கள், இரண்டு குழுவும் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைகளைக் கொடுத்த பிறகுதான் தணிந்தது. அதனால் எல்லா ஹவுஸும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று எப்போதும் நடந்துகொண்டிருக்கட்டும், நூலகத்தை ஒழுங்கு செய்வது, கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தருவது மாதிரி. அப்புறம் நம் ஊரில் ஒரு கூடுதல் எச்சரிக்கை: பிள்ளைகள் தெரு வாரியாக, சாதி வாரியாகத் தாங்களே கூடிக்கொள்ள விடாதீர்கள், குலுக்கல் போட்டே பிரியுங்கள். சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிற்றுக்காகப் பள்ளிகளில் என்னென்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பள்ளி கொடுக்கும் அடையாளம் பலவீனமாக இருக்கும் இடத்தில் அந்தக் கயிறுதான் அடையாளமாகிறது.

நீங்கள் கேட்கலாம், இதற்கெல்லாம் நேரம் எங்கே, "நீ நம்ம பள்ளிப் பிள்ளை, உன்னால் முடியும்" என்று அன்பாகச் சொன்னால் போதாதா என்று. சொல்லுங்கள், அதற்குப் பலன் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரிக்குப் புதிதாக வந்த கறுப்பின மாணவர்களிடம் "இங்கே எனக்கு இடம் இல்லையோ என்ற பயம் எல்லாருக்கும் முதலில் வரும், போகப் போகச் சரியாகிவிடும்" என்ற சேதியைச் சுமார் ஒரு மணி நேரப் பயிற்சியில் கொடுத்தார்கள், அடுத்த மூன்று வருடங்களில் அவர்களின் மதிப்பெண்கள் உயர்ந்தன. ஆனால் பின்னர் 22 கல்லூரிகளில் இருபத்தாறாயிரத்துக்கும் அதிகமான மாணவர்களிடம் இதையே செய்து 2023இல் வெளியிட்டபோது ஒன்று தெளிவானது: அந்த மாணவர்களைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே இடம் கொடுக்கும் கல்லூரிகளில்தான் சேதி வேலை செய்தது. இடமே கொடுக்காத இடத்தில் "உனக்கு இடம் உண்டு" என்று சொல்வது காற்றில் போகிறது. பிள்ளைகள் ஏமாளிகள் இல்லை, பேனரைப் படிக்கிறார்கள், யார் முகம் அதில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

அதனால் நீங்கள் முழுப் பள்ளியையும் மாற்றக் கிளம்ப வேண்டாம், எச்.எம். அனுமதி, சர்க்குலர் என்று அதிலேயே களைத்துப்போவீர்கள். உங்கள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடத்தில் மட்டும் தொடங்குங்கள். போன மூன்று தேர்வுகளின் சராசரியை எடுத்து ஒவ்வொரு பிள்ளையிடமும் அவருடையதைத் தனியாகச் சொல்லுங்கள், போர்டில் எழுத வேண்டாம். குழு பிரியுங்கள், வாரம் ஒரு சின்னத் தேர்வு, வெள்ளிக்கிழமை குழுப் புள்ளியைப் படியுங்கள், அதிகம் ஏறிய பிள்ளையின் பெயரைக் காலைக் கூட்டத்தில் ஒரு முறை சொல்ல எச்.எம்.மிடம் கேளுங்கள், அதற்கு அவர் மறுக்க மாட்டார். அந்த வாலிபால் பையன் மாதிரி ஒருவன் உங்கள் வகுப்பிலும் இருப்பான், அவனிடம் ஒரு குழுவின் பொறுப்பைக் கொடுங்கள், மதிப்பெண் குறைவு என்று தயங்காதீர்கள், ஆளைச் சேர்த்து ஓட வைக்க அவனுக்குத் தெரியும். முதல் ஒன்றிரண்டு வாரம் சத்தமும் குழப்பமுமாக இருக்கும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், கவலைப்படாதீர்கள். பலன் வருகிறதா என்று பார்க்க மதிப்பெண்ணை உடனே தேடாதீர்கள், முதலில் வருகைப் பதிவேட்டில் திங்கட்கிழமைகளைப் பாருங்கள், அடுத்து வகுப்பில் யார் யார் கேள்வி கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள், அந்தப் பெயர்கள் பத்திலிருந்து பதினைந்து, இருபது ஆகிறதா என்று பாருங்கள். மதிப்பெண்ணில் தெரிய ஒரு பருவமாவது பிடிக்கும்.